அருவிக்குக் கொண்டுபோன வாளி

எங்கடை பக்கத்தில் மலை இல்லை, ஆறும் இல்லை. தண்ணி எண்டால் கிணறுதான். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எனக்குப் புகையிலைத் தோட்டம். வைகாசியில் கிணற்றுத் தண்ணி அடிக்குப் போய்விடும். குளிக்கிறதெண்டாலும் பார்த்துத்தான் அள்ளுவோம்.

கலியாணம் முடித்த புதிதில் மனிசி ஒண்டுதான் கேட்டா.

"மலையிலை இருந்து தண்ணி விழுமாம். அதுக்குக் கீழை நிண்டு ஒருக்கால் குளிக்கவேணும்."

எண்பத்துமூண்டில் புகையிலை வெட்டி முடிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன். என்ரை அக்காவின் புருசன், அத்தான், மலைநாட்டில் பதுளைப் பக்கம் சுருட்டுக்கடை வைத்திருந்தார். வழி காட்ட அவர்தான் ஆள் பிடித்துத் தந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பிளை. நாங்களும் அக்கா எண்டே கூப்பிட்டோம். வெற்றிலையோடு போட யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு கட்டுத் தந்தால் போதும் எண்டா.

விடிய வெளிக்கிட்டோம். மனிசியின் கையில் அத்தான் வீட்டு வாளி. கயிறும் கட்டியிருந்தா. வழி காட்ட வந்த அக்கா பார்த்துவிட்டு நிண்டா.

"இது எதுக்கு தங்கச்சி?"

"குளிக்க."

"அருவியில குளிக்கவா? அங்க தண்ணி தானா தலையில ஊத்தும்மா. கயிறு வேற!"

பாதையிலேயே குந்தியிருந்து சிரித்தா. எனக்கும் அப்பதான் விளங்கினது. ஆனால் வாளியைத் திருப்பி வைக்க மனிசி விடவில்லை. நான்தான் காவிக்கொண்டு நடந்தேன்.

தேயிலை முடிந்து காடு துவங்கினது. ஈரச் சருகு. உள்ளே வெயில் இல்லை. அட்டை காலில் ஏறுதெண்டு மனிசி கத்திக் குளறினா. நான் குடுத்த புகையிலையில் அக்கா ஒரு துண்டைப் பிய்த்து, நனைத்து, அட்டை ஏறாமல் எங்கள் இரண்டு பேரின் காலிலும் தேய்த்தா.

"வாயில போடுற சாமான கால்ல பூசுறேனே" எண்டு அவவுக்குக் கவலை.

முதல் இரைச்சல் கேட்டது. பிறகு மரம் விலகி அருவி தெரிந்தது. இவ்வளவு தண்ணியும் சும்மா ஓடுதே எண்டு நினைத்தேன்.

மனிசி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுத்தா. வழியிலும் எடுத்தவ. ஏறின களை எண்டு விட்டுவிட்டேன். அக்கா அவவின் முகத்தைப் பார்த்தா.

"எத்தனை மாசம்?"

மனிசி நிலத்தைப் பார்த்தா. "இப்பதான் ரண்டு."

எனக்குத் தெரியாது. சொன்னால் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் எண்டு மறைத்திருக்கிறா.

"பாறையெல்லாம் பாசி. புள்ளத்தாச்சிய அதுல ஏத்த மாட்டேன்" எண்டா அக்கா.

"இவ்வளவு தூரம் வந்திட்டன் அக்கா."

"முடியாதும்மா."

மனிசி அழவில்லை. ஒரு கல்லில் குந்தியிருந்து தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தா.

நான் வாளியை எடுத்துக்கொண்டு பாறையில் ஏறினேன். தவண்டுதான் போனேன். அருவிக்குள் நீட்ட, தண்ணி வாளியைக் கையோடு பிடுங்கப் பார்த்தது. நிறைத்துக்கொண்டு இறங்கிவந்து, அவவின் தலையில் மெல்ல, சிந்தாமல் ஊத்தினேன்.

"இஞ்சேருங்கோ, புகையிலைக் கண்டுக்குத் தண்ணி விடுற மாதிரி விடாதேங்கோ. கவிழ்த்துங்கோ!" எண்டா மனிசி.

"என்னாண்ணே, அருவி வத்திருமா?" எண்டா அக்கா.

அடுத்த வாளியை அப்படியே கவிழ்த்தேன். மனிசி மூச்சு முட்டிச் சிரித்தா. குளிரில் பல்லுக் கிட்டினாலும் இன்னும் இன்னும் எண்டா. அக்கா போதும் எண்டு சொல்லும்வரை ஏறி இறங்கினேன். பாறையில் முழங்கால் உரஞ்சிப்போச்சு.

அந்த ஆடியில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. அத்தானின் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். நாங்கள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அந்த அக்கா என்ன ஆனாவோ தெரியாது. மார்கழியில் மகள் பிறந்தாள்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எல்லாரையும் போல நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கை தங்கின வீட்டுக் கிணற்றைச் சுற்றி ஒரே சனம். குளிக்க ஆளுக்கு ஒரு வாளிதான். மனிசி தன்ரை வாளியை மகளின் தலையில் ஒரேயடியாகக் கவிழ்த்தா.

"பாத்து ஊத்து" எண்டேன்.

"உங்களுக்கு இன்னும் ஊத்தத் தெரியேல்லை."

மகள் மூச்சு முட்டிச் சிரித்தாள். என்ரை வாளி நிறைந்திருந்தது. தூக்கி மனிசியின் தலையில் கவிழ்த்தேன்.

"உவைக்கென்ன விசரோ, இருக்கிற தண்ணியை இப்பிடிக் கவிழ்க்கினம்?" எண்டா வரிசையில் நிண்ட ஒரு பொம்பிளை.