இறக்கை இறுகும்வரை ஜெபம்

திங்கட்கிழமை: அக்காவை அடக்கம் செய்தோம். அத்தான் பழங்காநத்தம் வீட்டுக்குத் தனியே திரும்பினார். வியாழக்கிழமை: நான் முன்பே கேட்டிருந்த, ஒட்டிச் செய்யும் பொம்மை விமானப் பெட்டி கூரியரில் வந்தது, பிளாஸ்டிக் பாகங்களில் குறையில்லை. சனிக்கிழமை காலை: இறக்கைகளை ஒட்டினேன். மாலை: இடது இறக்கை தொய்ந்திருந்தது.

பள்ளி நாட்களுக்குப் பிறகு நான் பொம்மை விமானம் எதையும் ஒட்டியதில்லை. முதல் விமானத்தில் இறக்கை தொய்யவில்லை. அதற்குக் காரணம் என் திறமை அன்று.

அது கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்தது. அதற்கான பசை பிளாஸ்டிக்கையே சற்று உருக்கிப் பிணைக்கும். இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அசைந்தால் இறக்கை தொங்கிவிடும். மதுரையில் மாற்று இறக்கை விற்பவர் எவருமில்லை. நான் அதை ஒட்டிய நாளுக்கு மறுநாள் காலை அக்கா ஆசிரியப் பயிற்சி விடுதிக்குப் புறப்படுகிறாள். அதற்குள் முழு விமானத்தையும் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் தீர்மானம்.

பசை தடவி இறக்கைகளைப் பொருத்திய வேளையில் அப்பா குடும்ப ஜெபத்துக்கு அழைத்தார். மிஷன் பள்ளி ஆசிரியரான அவருடைய வீட்டில் காய்ச்சலுக்குக்கூட ஜெபத்திலிருந்து விலக்குக் கிடையாது.

“கொண்டா, நான் பிடிச்சுக்கிறேன்,” என்றாள் அக்கா. “நீ மூஞ்சிய ஒழுங்கா வச்சுக்க. சிரிச்சுக் காட்டிக்கொடுத்த, தொலைஞ்ச.”

ஜெபத்தின்போது பெண்கள் முக்காடிடுவது எங்கள் வழக்கம். அன்று அக்காவின் தாவணி சற்றுத் தாராளமாகவே முன்னால் இறங்கியது. அதற்குள், கூப்பிய கைகளுக்கு நடுவே, விமானம் இருந்தது.

அப்பா திருச்சபைக்காகவும் மழைக்காகவும் வேண்டினார். முடிக்கப்போகிறார் என்பது அவர் குரலில் தெரிந்தது. ஜெபம் நீள வேண்டும் என்று நான் விரும்பியது அந்த ஒருநாள்தான்.

“அப்பா, மேலூர் மாமா கால்வலிய விட்டுட்டீங்க,” என்றேன்.

அப்பா நெகிழ்ந்துபோய் மாமாவையும் சேர்த்துக்கொண்டார். ‘ஆமென்’ நெருங்கும்போதெல்லாம் நான் ஓர் உறவினரை எடுத்துக்கொடுத்தேன்.

“போதும்டா, சோறு ஆறுது,” என்றாள் அம்மா, கண் திறவாமலே. முக்காடு குலுங்கியது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

உறவினர்கள் தீர்ந்தபின் அப்பா அக்காவுக்காக ஜெபித்தார். முதன்முறையாக வீட்டைவிட்டுப் போகும் பிள்ளையைக் காத்தருளும்படி கேட்டார். குரல் ஓரிடத்தில் நின்று, பிறகு தொடர்ந்தது. முக்காடு இப்போது அசையவில்லை.

எழுந்தபோது அவள் கண்கள் சிவந்து வழிந்தன.

“என்னக்கா?”

“பசை நெடிடா. எம்புட்டு நேரம் மூக்குக்குக் கீழயே வச்சிருக்கேன்!”

நியாயமான விளக்கமாகத்தான் பட்டது. இறக்கைகள் இரண்டும் நேராக நின்றன. ஒன்றின்மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்றாள்; மறையவில்லை. விமானத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களை, முற்றம், வாசல் என்று வீடெங்கும் பறந்தேன். அக்கா பின்னாலேயே இஞ்சின்போல உறுமிக்கொண்டு வந்தாள்.

பிறகு யாரும் பார்க்காதபோது பசைக் குழாயை மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்து பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. அக்காவின் கண்களைவிட என் கண்கள் உறுதியானவை என்று பெருமைப்பட்டுக்கொண்டு தூங்கப் போனேன்.

மீதமிருக்கும் வேலைகள்:

இடது இறக்கையைக் கழற்றுதல்.

சக்கரங்களைப் பொருத்துதல்.

பழங்காநத்தம் சென்று அத்தானை அழைத்துவருதல். இறக்கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.