கல்லுப்பேன் இல்லாத இடம்

கல்லுப்பேன் என்ற பெயரை வைத்தது பிள்ளைகள்தான். ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு ஓடுமே, மூன்று வால் முளைத்த சின்னப் பூச்சி, அதற்கு. புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. கண்டியில் நாற்று விற்கும் இடமொன்றில் வேலை பார்க்கிறவள் நான். படித்ததெல்லாம் கையில் மண் ஒட்டப் படித்ததுதான். அந்தப் பூச்சி இருந்தால் தண்ணீர் நல்லது, இல்லையென்றால் ஏதோ கோளாறு. இந்த மட்டும் தெரியும்.

சனிக்கிழமைகளில் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு பஸ் ஏறிப் போய், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போவேன். வல்லாரை எது, அதைப் போலவே ஏமாற்றுவது எது, வேர் எப்படிக் கரையைப் பிடித்து வைக்கிறது என்று காட்டுவேன். அன்றைக்குக் கல் புரட்டினோம்.

"டீச்சரக்கா, மேல இருக்கு, கீழ ஒன்னுகூட இல்ல" என்றாள் ஒரு பிள்ளை. பத்து வயது. கூட்டத்திலேயே கண் கூர்மையானவள்.

"நடுவுல என்னா இருக்கு?"

"அந்தப் பெரிய பாறை. எங்கப்பா மருந்து டேங்க் கழுவுற எடம்."

அவளுடைய அப்பா தேயிலைக்குள் புல்லுக்கு மருந்தடிக்கிறவர்.

"அப்ப கல்லுப்பேன் எல்லாத்தையும் கொன்னது ஒங்கப்பாதான்டி" என்றான் ஒருவன்.

"எங்கப்பா என் தலையிலயே ஒரு பேன் விடமாட்டாரு" என்று அவளும் சிரித்தாள்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். பெரிய தாள் கொடுத்து, கண்டதை வரையச் சொன்னேன். ஓடை வந்தது, கற்கள் வந்தன, பாறையின் மேல் நீல டேங்கோடு ஒரு ஆளும் வந்தார். அவள் வரைந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்று பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினேன். கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தோட்டத்தில் சுவரில் ஏறியது எதுவானாலும் அது பெட்டிசம், யார் மேலோ கொடுத்த புகார், என்பது வெளியாள் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை படம் அங்கே இல்லை.

"ஆபீஸ் ஐயா வந்து கழட்டிட்டுப் போனாரு" என்றார் மடுவத்தில் பிள்ளை பார்க்கும் அம்மா. "கீழ் லயத்துப் புள்ளைகளுக்கு ஓடைத் தண்ணியில மேலெல்லாம் சொறி வந்துச்சில்ல, அதுக்கு அந்தப் புள்ளையோட அப்பாதான் காரணம்னு எழுதி வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க. வாயில்லாத மனுசன்."

ஆபீசுக்குப் போனேன். டேங்க் கழுவ வேறு இடம் நீங்கள் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"படத்துல இருக்கிறதத்தான் நாங்க எழுதினோம் மிஸ்" என்றார் அவர். "ஒட்டினது நீங்கதானே."

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா கதிரையைத் துடைத்துப் போட்டார். உள்ளே துணிப்பை கட்டியிருந்தது. திங்கட்கிழமை கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறாராம். அவள் வெளியே வரவில்லை. திரைக்குக் கீழே அவள் கால் மட்டும் தெரிந்தது.

"டேங்க வீட்டுக்குக் கொண்டாந்தா லயத்துப் பைப்புலதான் கழுவணுங்க. புள்ளைக குளிக்கிற எடம். அதுனாலதான் அம்புட்டு தூரம் பாறைக்குப் போவேன்" என்றார். திரைப் பக்கம் பார்த்துவிட்டு, "புள்ளைய நான் ஏசலங்க. அதுவாத்தான் சாப்பிட மாட்டேங்குது" என்றார்.

அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தேன். என்ன சொல்லிவிட்டு எழுந்தேன் என்பது நினைவில்லை.

அதற்கடுத்த வாரம் நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள். அவள் இல்லை. பாறையில் அதே நீல டேங்கை வேறொருவர் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை நுரை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினேன். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வந்து பாருங்க" என்றேன்.

"வேணாம் டீச்சரக்கா" என்றான் அன்றைக்கு அவளைக் கேலி செய்தவன். "அங்க கழுவுறது என் மாமா."

கல்லை இருந்தபடியே திருப்பி வைத்தேன்.