வயரக்கா எழுப்பிய சுவர்

எங்கள் அலுவலகத்தில் என் அக்காவுக்கு ‘வயரக்கா’ என்று பெயர். கணினிகளை இணைப்பது அவள் வேலை, ஒப்பந்த வேலை. நான் பக்கத்து மேசையில், கணக்குப் பிரிவில், நிரந்தரம். அவள் சேர்ந்த காலத்தில் மேசை மேசையாக ஒரே கேபிள் ஓடும். எவனாவது நாற்காலியை இழுத்து ஓர் இணைப்பைக் கழற்றிவிட்டால் மொத்த அலுவலகமும் படுத்துவிடும். அக்கா தலையெல்லாம் ஒட்டடையோடு மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடுவாள். “இத மாத்தி முடிங்கம்மா, உங்கள நிரந்தரமாக்கிடலாம்,” என்றார் மேலாளர்.

மாற்றினாள். ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், எல்லாம் ‘ஹப்’ என்ற பெட்டிக்கு. ஆனால் அது ஓட்டைவாய்ப் பெட்டி. ஒருவருக்கு வந்ததை ஊருக்கே ஒப்பிக்கும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக்கொள்ளும். பிறகு அதன் இடத்தில் ‘ஸ்விட்ச்’ என்ற பெட்டி வந்தது. யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொடுத்தது. வேலை பறந்தது. நிரந்தரம் மட்டும் வரவில்லை. “மேலிடத்துல பேசிட்டுதாம்மா இருக்கேன்.” காரியம் ஆகும்வரை காலைப் பிடி, ஆனபின் கழுத்தைப் பிடி என்று இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் மெய்நிகர் வலை. ஒரே ஸ்விட்சில் இருப்பவர்களுக்கு நடுவே, செங்கல் இல்லாமல், கட்டளை தட்டியே சுவர் எழுப்பலாம். சம்பளக் கணக்கைப் பாதுகாக்க அக்காதான் கேட்டு வாங்கினாள். மேலாளருக்கு வேறு யோசனை.

“நிரந்தர ஊழியர் எல்லாம் ஒரு வலை. ஒப்பந்தக்காரங்க தனி. நம்ம கோப்பு எதுவும் அவங்களுக்குத் தெரியக் கூடாது.”

“அப்ப நான் எதுல சார்?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா.”

இந்த மனிதரின் காலடியில் எத்தனை தடவை தவழ்ந்திருப்பாள். சுற்றியிருந்த நிரந்தரங்கள் தலையைக் குனிந்து தட்டச்சைத் தொடர்ந்தார்கள். “எழுந்து வாக்கா. அவரே செஞ்சு கிழிக்கட்டும்,” என்று அவர் காதுபடவே சொன்னேன்.

“அரைகுறையா விட்டா என் பேருதான்டி கெடும்.”

தன் மேசையிலிருந்தே ஸ்விட்சுக்குக் கட்டளை தட்டி, ஒவ்வொரு கணினியாகப் பிரித்தாள். தன்னுடையதைக் கடைசியாக ஒப்பந்தக்காரர் பக்கம் தள்ளினாள். ஸ்விட்ச் அவளை அந்த நொடியே வெளியேற்றியது.

“உன் மெஷின்லேருந்து என்னோடதக் கூப்பிட்டுப் பாரு,” என்றாள்.

கூப்பிட்டேன். என் முழங்கை அவள் மேசைமேல்தான் இருந்தது.

“எட்டலன்னு வருதுக்கா.”

“அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கேன்,” என்றாள்.