உள்ளே விட்ட துணி

புதுத்துணியை வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுக் கையை எடுக்காமல் குந்தியிருக்கிறாள். எடுத்தால் துணி காற்றை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் உப்பி மேலே வந்துவிடும். உப்பிய இடம் நனையாது. நனையாத இடம் இப்போது சுருங்காமல், தைத்து முடித்த பிறகு முதல் சலவையில் சுருங்கும். அப்போது ஒரு தோள் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். இவ்வளவும் அவள் மனதில் ஓடி முடிவதற்குள் தண்ணீரில் லேசாகச் சாயம் இறங்கியிருக்கும். உடனே அதற்கு ஒரு கவலை. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிப்பாள். சுருங்கவே சுருங்காது என்று சத்தியம் பண்ணித்தான் கடைக்காரர் கிழித்துக் கொடுத்தார். "அவரு சொல்லுவாரு. எதுக்கும் ஒரு தடவை போட்டு எடுத்துடுவோம்" என்று வாளியிடம் சொல்கிறாள்.

'எதுக்கும்' அவளுடைய சொல். பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் உட்கார்ந்திருப்பவள் அவள். கேட்டவருக்கு நேரத்தைச் சொல்லிவிட்டு, அவர் நகர்வதற்குள், "எதுக்கும் கொஞ்சம் முன்னாடியே வந்து நின்னுக்குங்க" என்று சேர்த்துவிடுவாள். பேருந்து என்னவோ ஒரு நாளும் முன்னதாகக் கிளம்பியதில்லை. அதே கூண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளர்தான் அவளுக்கு 'எதுக்கும் அக்கா' என்று பேர் வைத்தார். ஓட்டுநர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அவளுடைய உண்மையான பேரைச் சொல்லிக் கேட்டால் அந்த நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

கூண்டுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. மதியத்துக்கு மேல் வெயில் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மின்விசிறி அந்தச் சூட்டைக் கிண்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். கடையில் வாங்கிய சட்டைகள் அக்குளைப் புண்ணாக்கின, முதுகில் ஒட்டிக்கொண்டன. அதனால்தான் தனக்கு வேண்டிய கவுன்களைத் தானே தைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வெயில் காலம் தொடங்கும்போதே மெல்லிய பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி அலமாரியில் அடுக்கிவிடுவாள். கைக்குழி தாராளமாக இருக்க வேண்டும். கழுத்துப் பட்டி பிடரியைத் தொடாமல் நிற்க வேண்டும். ஆனால் தோளில் மட்டும் அவள் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டாள். "தோள் கரெக்டா உக்காந்துட்டா போதும். கீழ எவ்வளவு லூசா விட்டாலும் அம்சமா இருக்கும். தோள் வழிஞ்சா மூட்டைதான்" என்பாள். முதுகில், இடுப்புக்கு நேராக, யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன மடிப்பு பிடிப்பாள். அந்த ஒரு மடிப்பில் கவுன் உடம்பைத் தொடாமலே உடம்பின் அழகைச் சொல்லிவிடும்.

முதலில் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். குனிந்து கட்டிலுக்கடியில் பெருக்குவாள், எக்கி மேல் அலமாரியைத் துழாவுவாள், மாடிப்படி இறங்கி ஏறுவாள். எங்கேயும் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இயந்திரத்தின் மூடியைத் திறப்பாள். அப்போதும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத்தான் அடிப்பாள். எந்தத் தையல்காரரும் அவ்வளவு விடமாட்டார். "எதுக்கும் உள்ள இருக்கட்டும். உடம்பு ஒரே மாதிரியா இருக்கு? நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்." மாறும் என்றால் பெருக்கும் என்றுதான் அதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளும் அவளுடைய அக்காவும் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல், அதற்கேற்ற உடம்பு, அதற்கும் மேலே ஒரு விசில். வேலையை விட்ட பிறகும் விசிலை விடவில்லை. தங்கை தைத்துக் கொடுத்த கவுனின் பைக்குள் வைத்திருப்பாள். தங்கை சமையலறையில் இருந்தால் கூப்பிடுவதற்குப் பதில் ஊதுவாள். "வீட்டுல ரெண்டு பேரு. அதுல ஒருத்திக்கு விசிலு" என்று தங்கை முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

மழை விட்ட சமயத்தில் அக்காவின் வயிற்றில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாதத்தில் சில நாள் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருப்பாள். எது கிடைத்தாலும் சாப்பிட வேண்டும், மனதை மட்டும் விட்டுவிடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு காலையில் அக்கா கண்ணாடி முன்னால் நின்று, கவுனை இடுப்பில் கொத்தாகப் பிடித்துப் பார்த்தாள். கைக்குள் அடங்காத அளவுக்குத் துணி வந்தது. போய்ப் படுத்தாள். அன்றைக்கு முழுக்கத் தட்டைத் தொடவில்லை. விசிலும் ஊதவில்லை.

அந்த அமைதி தங்கையை உலுக்கிவிட்டது. மறுநாள் அக்கா குளிக்கப் போன நேரத்தில் எடை பார்க்கும் இயந்திரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டாள். பிறகு, துவைத்து மடித்த அக்காவின் கவுன் ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வீட்டில் தையல் இயந்திரத்தை ஓட்டினால் சத்தத்தை வைத்தே என்ன என்று அக்கா கேட்பாள். கூண்டில் யார் கேட்கப்போகிறார்கள்? மேசைக்கடியில், மடியில் வைத்து, பேருந்து கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இரண்டு விலாவிலும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்தாள். அன்று மாலை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டாள். அடுத்த நாள் அக்கா அதைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தங்கையால் நிறுத்த முடியவில்லை. அக்காவின் கவுன்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பைக்குள் ஏறி இறங்கின. கையால் அளக்கவும் முடியாது, டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போகவும் முடியாது. அக்கா கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது துணி எவ்வளவு பின்தங்குகிறது என்று கண்ணாலேயே அளப்பாள். அளந்ததை நினைத்துக்கொண்டே பேருந்து நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, கேட்டவரின் பின்னால் ஓடுவாள்.

அறிவிப்பாளர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எதுக்கும் அக்கா, என்ன அந்தக் கவுனுக்குத் தினமும் வைத்தியம்?"

"ஓரம் பிரிஞ்சிருக்கு."

"தினமுமா பிரியும்? நல்ல நூலா வாங்குங்க."

"நீங்க உங்க பஸ்ஸப் பாருங்க."

"எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தரேன்னு போன வருஷம் சொன்னீங்க."

"உங்க வயித்துக்கு அளவெடுக்க என் டேப்பு பத்தாதே, நான் என்ன பண்ண?"

மைக் திறந்திருந்தது. டேப்பு பத்தாது என்பது நிலையம் முழுக்கக் கேட்டு, நடைமேடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். மடியில் கிடந்த தையலில், எவ்வளவு துணி உள்ளே போகிறது என்று அப்போதுதான் பார்த்தார்.

"யாருது அக்கா?"

"எங்க அக்காவோடது."

 அன்றிலிருந்து அவள் தைக்கிற நேரத்தில் விசாரிக்க வருகிறவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். "எதுக்கும் முன்னாடியே வந்துடுங்க" என்று அவள் குரலிலேயே சேர்த்துக்கொள்வார்.

முறையாகச் செய்கிறவள் பழைய தையலைப் பிரித்துவிட்டுத்தான் புதிதாகப் பிடிப்பாள். கூண்டில் அதற்கு நேரம் ஏது? தையல்மேல் தையலாகப் பிடித்துக்கொண்டே போனாள். உள்ளே துணி சேர்ந்துகொண்டே போனது. அதை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. கத்தரிக்கோலும் பைக்குள் இருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்து, துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திரும்ப உள்ளே போட்டாள். வெட்டிவிட்டால் பிரித்து விட முடியாது. அக்கா தேறி, பழைய உடம்பு திரும்பி, இந்தக் கவுன் பற்றவில்லை என்று விசில் ஊதும் நாளுக்கு வேண்டாமா அது? வெயில் ஏற ஏற, உள்ளே மடங்கிக் கிடந்த துணி அக்காவின் விலாவை உரசியது. மருந்தில் தளர்ந்திருந்த தோல் சிவந்தது. "வேர்க்குருதாண்டி" என்றாள் அக்கா. தங்கை பவுடர் போட்டுவிட்டாள்.

இதே வெயிலுக்கென்று அக்கா ஒரு துணி எடுத்து வைத்திருந்தாள். மஞ்சளில் தட்டுத் தட்டாகப் பூப்போட்டது. நோய் தெரிவதற்கு முன்னால் வாங்கியது. "இத தைச்சுப் போட்டா நான் நடந்து வர்றப்போ பூங்காவே எழுந்து வருதுன்னு நினைப்பாங்க" என்று அப்போது சொன்னாள். அதைத் தைக்க வேண்டுமானால் அக்காவைச் சுற்றி டேப்பைப் போட்டாக வேண்டும். தங்கை அது இருந்த அலமாரித் தட்டின் பக்கமே போகாமல் இருந்தாள்.

எல்லாவற்றையும் யோசிக்கிறவள் பையை யோசிக்கவில்லை. விலாவை உள்ளே பிடித்துக்கொண்டே வந்ததில், முன்பக்கம் ஒட்டியிருந்த பையின் ஓரமும் தையலுக்குள் போய், அதன் வாய் சுருங்கிவிட்டது. ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்து படியேறும்போதே விசில் கேட்டது. நீளமாக, மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்துவதற்கு ஊதுகிற மாதிரி.

அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கவுன் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மடியில் கிடந்தது.

"விசில வைக்கலாம்னு பாக்குறேன், பைக்குள்ள ரெண்டு விரல்தான் போகுது. என்னடா இதுன்னு திருப்பினேன்" என்றாள். "ஏண்டி, இது கவுனா, வெங்காயமா? உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருக்கு."

தங்கை வாசலிலேயே நின்றாள். சாப்பாட்டுப் பை தோளிலிருந்து வழிந்தது. அதற்குள் இன்னொரு கவுன் இருந்தது.

"எப்ப இருந்து?"

"நீ சாப்பிடாம படுத்தியே, அதுக்கு மறுநாள்ல இருந்து."

அக்கா கொஞ்ச நேரம் தையல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கண்ணாடியில மூஞ்சியப் பாப்பேன். ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் கவுனப் பாப்பேன். கவுன் கரெக்டா இருக்கு. சரி, மூஞ்சிக்குத்தான் வயசாகுது, உடம்பு நிக்குதுன்னு நினைச்சுக்குவேன்" என்றாள். "நல்லாத்தான் ஏமாத்தியிருக்க."

"கோவமாக்கா?"

"குத்துதுடி. அதான் கோவம். வேர்க்குருவாம்! பவுடர வேற கொட்டுனியே, பாவி." விலாவைத் திருப்பிக் காட்டினாள். தையல் ஓடிய இடமெல்லாம் சிவப்பாக ஒரு கோடு. "இத மொத்தமும் வெட்டி எறி."

"வெட்டுனா அப்புறம் பிரிச்சு விட முடியாதுக்கா."

"விட வேணாம்."

தங்கை அசையவில்லை. அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அடியே, பெருத்தேன்னா புதுசு தை. அலமாரி நிறைய வாங்கி அடுக்கி வச்சிருக்கியே, அதெல்லாம் பூச்சிக்கா? நாளைக்குப் பெருத்துடுவேன்னு இன்னிக்கு இது என்னைக் குத்தணுமா? வெயிலு கொல்லுது. எனக்கு இன்னிக்குக் காத்து வேணும்."

தங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய தையல்களைப் பிரித்தாள். ஒன்றுக்கு அடியில் ஒன்றாக வந்தன. கடைசியாக ஒரே தையலை மட்டும் விட்டாள். பையின் வாயை விடுவித்தாள். சுண்ணக்கட்டி தேடவில்லை, கோடு போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே விட்ட துணியை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக வெட்டினாள். நீளநீளமான நாடாக்களாகத் தரையில் விழுந்தன. அக்கா கவுனைத் தலைவழியாக மாட்டி, கையைத் தூக்கிப் பார்த்தாள். விசிலைப் பைக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள்.

"இப்பதான் மனுஷி போடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தங்கை தரையில் கிடந்ததைப் பொறுக்கினாள். பிறகு அலமாரிக்குப் போய் இத்தனை நாள் தொடாத அந்தத் தட்டில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது.

"என்னடி பண்ற அங்க?" அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பூப்போட்டத ஊறப் போடுறேன்."

"அளவே எடுக்கல. எவ்வளவு ஊறப் போடுற?"

"முழுசா. எதுக்கும்."

மஞ்சள் துணி வாளிக்குள் அடங்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் காற்றோடு உப்பிக்கொண்டு, பெரிய பூ ஒன்றோடு மேலே வந்தது. அதை அமுக்கினாள். இந்தப் பக்கம் வந்தது. முழங்கை வரை நனைய இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, குமிழி ஒவ்வொன்றாக வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டு, கையை எடுக்காமல் குந்தியிருந்தாள்.