பழைய பாட்டா, இடைக்காலமா?

திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் தனியாகக் குடியிருக்கும் சவுரிராயனுக்கு அறுபத்தேழு வயது. கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி இருதயமேரி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் அறிவுச்செல்வன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை விடுமுறையில் போன் செய்வான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

விழுப்புரத்திலிருந்து வரும் பண்பலை அது. திண்டிவனத்தில் சரியாக எடுக்காது. ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி ஜன்னலில் மாட்டி வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு ‘பழசு பழசுதான்’ என்று ஒரு நிகழ்ச்சி. மாலை நான்கு மணிக்கு ‘இடைக்கால இன்னிசை’. அறிவிப்பாளர் “சாப்பிட்டீங்களா நேயர்களே?” என்று கேட்டால், “இன்னும் இல்லம்மா, குழம்பு கொதிக்குது” என்று பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டிருந்தார். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது காஸ் சிலிண்டர்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நிலையத்துக்கு போன் போட்டார்.

“பெண்ணை பிரதர்ஸ் பாட்டு ஒண்ணு போடுவீங்களா?”

“யாரு சார்? எந்தப் படம்?”

“படம் இல்லம்மா. பேண்டு. கேசட்டு போட்டாங்க. ‘ஏரிக்கரை லைட்டு’ன்னு பாட்டு.”

“கேசட்டுன்னா பழைய பாட்டு கிடையாது சார். சாயந்திரம் இடைக்காலத்துல கேளுங்க.”

சாயந்திரம் கேட்டார். அங்கிருந்தவர், “பெல்பாட்டம் போட்ட காலத்து பேண்டா? அது பழசுங்க. காலையில கேட்டுப் பாருங்க” என்றார். மறுநாள் காலை மறுபடி மாலைக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் சவுரிராயன் சட்டையை மாட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

பெண்ணை பிரதர்ஸ் என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் திருவெண்ணெய்நல்லூர் முதல் பாண்டிச்சேரி வரை திருவிழா, கல்யாணம் என்று எங்கும் அவர்கள்தான். நான்கு பேர். சினிமாப் பாட்டும் பாடுவார்கள், சொந்தமாகக் கட்டிய பாட்டும் பாடுவார்கள். மாசிலாமணி பாடுவார். கண்ணையன் கிடார். அவர்களுடைய மெட்டடார் வேனுக்கு சவுரிராயன் டிரைவர். ஐந்து வருடம் எல்லாக் கச்சேரியையும் மேடைக்குப் பின்னால் வேனில் உட்கார்ந்துதான் கேட்டார். எதிரே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

சொந்தப் பாட்டு எட்டைச் சேர்த்து கேசட் போட மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். புல்லாங்குழல்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. சவுரிராயன் வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் வாசிக்க வேண்டிய ‘ஏரிக்கரை லைட்டு’ முன்னிசையை விசிலடித்துக்கொண்டிருந்தார். கண்ணையன் டீ குடிக்க வெளியே வந்தவர், டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மைக் முன்னால் நிறுத்தினார். “வேன் தொடைக்கிறதா நெனச்சிக்கினு அடி” என்றார். எட்டு விநாடி. முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.

கேசட் உறையில் அவர் பெயர் இல்லை. டிரைவர் பெயரை யார் போடுவார்கள்? அவரும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் இருதயமேரியிடம் மட்டும் சொன்னார். அவள் நம்பவில்லை. எங்கே, அடித்துக் காட்டுங்கள் என்றாள். அப்போது அவரால் முடியாது. முன்பல் இரண்டும் போயிருந்தன.

ஒரு விடியற்காலையில் ஒலக்கூர் அருகே வேன் புளியமரத்தில் மோதியது. இவர் கண் அசந்துவிட்டார். ஸ்டியரிங்கில் வாய் இடித்து இவருக்குப் பல் போயிற்று. கண்ணையனுக்கு இடது மணிக்கட்டு நொறுங்கியது. கட்டுப் போட்டுச் சேர்ந்தாலும் விரல்கள் கிடார் நரம்பில் முன்போல ஓடவில்லை. வருடம் திரும்புவதற்குள் குழு கலைந்துவிட்டது. சவுரிராயன் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. கரும்பு லாரிக்குப் போனார். லாரியில் பாட்டு கேட்காத டிரைவர் அவர் ஒருவர்தான்.

பண்பலை நிலையம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது. கலைப்பிரியா என்ற அறிவிப்பாளர் வந்து உட்காரச் சொன்னாள். முப்பது வயதுக்குள் இருக்கும். குரலை வைத்து அவளைக் கொஞ்சம் குண்டாக நினைத்திருந்தார், ஒல்லியாக இருந்தாள்.

“கம்ப்யூட்டர்ல ரெண்டு போல்டர்தான் சார். எண்பது வரைக்கும் பழசு. எண்பத்தஞ்சுக்கு மேல இடைக்காலம்.”

“நடுவுல அஞ்சு வருஷம் கீதே?”

அவள் சிரித்தாள். “சினிமாப் பாட்டுன்னா ஏதாவது ஒண்ணுல போட்ருவோம். இது பேண்டு பாட்டு. வருஷம் தெரிஞ்சா நான் மேனேஜர்கிட்ட பேசலாம். கேசட்ல போட்டிருக்கும் பாருங்க.”

கேசட் பையில்தான் இருந்தது. உறை எப்போதோ கரையான் அரித்துப் போயிற்று. கலைப்பிரியா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத எங்க இன்ஜினியர் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுப்பாரு. நீங்க வருஷத்த மட்டும் கேட்டு சொல்லுங்க.”

அப்போது அவள் எதற்காக இந்தப் பாட்டு என்று கேட்டிருந்தால் விசிலைப் பற்றிச் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

வருஷத்தைக் கேட்க, இருக்கும் இடம் தெரிந்தவர் ஒருவர்தான். மாசிலாமணி கண்டமங்கலத்தில் மகள் அன்புச்செல்வி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். நாற்பது வருடமாகப் போகாத இடத்துக்கு ஒரு தேதியைக் கேட்கப் போவது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று யோசித்தபடி இன்னொரு டீயும் குடித்தார். பிறகு போனார்.

அன்புச்செல்விக்கு ஆளைத் தெரியவில்லை. மாசிலாமணிக்குத் தெரிந்தது. எழுபத்து நான்கு வயது, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சவுரிதானே? பல்லு கட்டிக்கினியா?” என்றார்.

“ஆமாண்ணா.”

“ஒக்காரு.”

அன்புச்செல்வி, “மோர் குடிக்கிறீங்களா சித்தப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். இவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

“எண்பத்தாறு” என்றார் மாசிலாமணி யோசிக்காமல்.

“இல்லண்ணா. அதுக்கு முன்னாடி.”

“எண்பத்தாறுன்னு சொல்லு. இடைக்காலத்துல போடுவான். பழைய பாட்டுன்னா என்னா அர்த்தம்? பாடுனவன் செத்துட்டான்னு அர்த்தம். நான் இன்னும் சாவல. என் பாட்டு எப்பிடிப் பழைய பாட்டாவும்?”

“காலையில போட்டா டீக்கட, பஸ்ஸுன்னு ஊரே கேக்குமே அண்ணா. பழசுன்னா மரியாதைதான்.”

“மரியாதைய நீ வச்சிக்கினு இரு.”

“எண்பத்தி நாலுல எனக்குப் பல்லு போச்சு. பல்லு இல்லாம அந்த விசில எப்பிடிண்ணா அடிச்சிருப்பேன்?”

பல்லைப் பற்றிப் பேசியது புளியமரத்தைப் பற்றிப் பேசியதாகிவிட்டது என்பது இருவருக்கும் புரிந்தது. அன்புச்செல்வி மோர் கொண்டுவந்து வைத்தாள். சவுரிராயன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“கண்ணையண்ணன் என்னப் பத்தி எதனா சொன்னாரா?”

“சொல்லாம? கடைசி வரிக்கும் உன்னத் திட்டிக்கினேதான் இருந்தான்.” மாசிலாமணி மோரை ஒரு வாய் குடித்தார். “ஒரு வாட்டி வந்து மூஞ்சியக் காட்டியிருக்கலாம் இல்ல? அதுக்குத்தான் ஜாஸ்தியா திட்டுனான். கை போனதுக்குக்கூட அவ்ளோ திட்டல.”

கண்ணையன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். சவுரிராயனுக்கு அதுவே அன்றைக்குத்தான் தெரியும். மோரை முழுக்கக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். போன் நம்பரை வாங்கிக்கொண்டார். “பல்லு போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான். எண்பத்திரெண்டுன்னு சொல்றேண்ணா” என்றார். மாசிலாமணி கையை மட்டும் அசைத்தார். அது சரி என்பதா, போ என்பதா, தெரியவில்லை.

எண்பத்திரண்டு இரண்டு போல்டரிலும் அடங்கவில்லை. ஆனாலும் கலைப்பிரியா விடவில்லை. மேனேஜரிடம் கேட்டு, புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு, உழவர் செய்திக்கும் மருத்துவக் குறிப்புக்கும் நடுவில் ஓர் இடம் வாங்கினாள். போனில் அதைச் சொன்னபோது சவுரிராயன் நன்றி சொல்வதற்குப் பதில், “ஏரியல சரி பண்ணிடறேம்மா” என்றார்.

மாசிலாமணிக்கும் சொன்னார். மகனுக்குச் சொல்லலாம் என்று பார்த்தால் அவனுக்கு அது வேலை நேரம். பக்கத்து வீட்டில் யாரும் பகலில் இருப்பதில்லை. புதன்கிழமை ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிச் சத்தம் இடைஞ்சல் என்று அதை நிறுத்தி, வியர்வையோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். மல்லாட்டைக் கடலை விலை சொன்னார்கள். மழை வருமா என்று சொன்னார்கள். பிறகு கலைப்பிரியாவின் குரல்.

“நேயர்களே, இப்போ உங்களுக்கு ஒரு போட்டி! நம்ம மாவட்டத்து பேண்டு, பெண்ணை பிரதர்ஸ் பாடின பாட்டு வருது. கேட்டுட்டு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. இது பழைய பாட்டா, இடைக்காலப் பாட்டா?”

அவள் பேசத் தொடங்கும்போதே பின்னால் பாட்டு தொடங்கிவிட்டது. அவள் பேச்சுக்கு அடியில் ஏதோ மெல்லிசாகக் கீச்சிட்டது. அவள் முடித்து ஒதுங்கியபோது கிடார் வந்துவிட்டது. அடுத்து மாசிலாமணியின் இளம் குரல். எட்டு விநாடி போய்விட்டது.

சவுரிராயன் கையை நீட்டி ஒலியைக் கூட்டினார். இனிக் கூட்டி என்ன? பாட்டு மூன்று நிமிடம் ஓடி முடிந்தது. சர்க்கரை நோயாளிகள் காலில் எப்படிச் செருப்பு அணிய வேண்டும் என்று ஒரு டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். சவுரிராயன் மின்விசிறியைப் போடக்கூட எழுந்திருக்கவில்லை. அறிவிப்பாளர்கள் எல்லாப் பாட்டிலும் முன்னிசை மேல்தான் பேசுகிறார்கள். இத்தனை வருடம் கேட்டவர், தன் முறைக்கு மட்டும் அதை மறந்துபோயிருந்தார். யார் மேலும் கோபம் வரவில்லை. இருதயமேரி இருந்திருந்தால், “நம்பவே மாட்டேன் போங்க” என்று மறுபடி சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லையாவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

போன் அடித்தது. மாசிலாமணி.

“என்னாடா அந்தப் பொண்ணு! உன் விசிலு மேலயே பேசிக்கினு கீது! போன் போட்டு சத்தம் போட்டேன். ‘அது எங்காளு அடிச்ச விசிலும்மா, கண்ணையன் புடிச்சி இழுத்துக்கினு வந்து அடிக்க வச்சது’ன்னேன். பேஜாராப் பூட்ச்சி.”

“பரவால்லண்ணா” என்றார் சவுரிராயன்.

“இன்னா பரவால்ல?” என்று மாசிலாமணி போனை வைத்துவிட்டார்.

சாயந்திரம் கலைப்பிரியா கூப்பிட்டாள். “சார், நீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பேசியிருக்கவே மாட்டேன். ஏன் சார் சொல்லல?” என்று கேட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஒன்பது பேர் போன் செய்தார்களாம். ஐந்து பேர் பழசு என்றார்கள், மூன்று பேர் இடைக்காலம். ஒருவர் வேறு பாட்டு கேட்டார். மறுபடி போட மேனேஜர் ஒப்பமாட்டார் என்றும், பாட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன் என்றும் சொன்னாள். அனுப்பியும் விட்டாள்.

பாட்டு போனில் வந்து கிடந்தது. விரலை வைத்தால் பாடும். சவுரிராயன் மூன்று நாள் அதைத் தொடவில்லை. அந்த வீட்டில் தனியாக அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை கண்டமங்கலம் போனார்.

மாசிலாமணி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவா என்றாள் அன்புச்செல்வி. வேண்டாம் என்று ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும் மாசிலாமணி, “கொண்டாந்தியா?” என்றார்.

போனைத் தலையணை மேல் வைத்து அமுக்கினார். விசில் வந்தது. சுத்தமாக, தடுமாறாமல், இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் எதையோ துடைத்துக்கொண்டே அடிப்பதுபோல வந்தது. முடிகிற இடத்தில், யாரோ தாழ்ந்த குரலில் “ம்” என்றது மெலிதாகக் கேட்டது. கண்ணையன் கிடாரை எடுக்குமுன் தலையாட்டிச் சொன்ன ‘ம்’. வேனில் ஐந்து வருடம் கேட்ட குரல் அது, தவற வழியில்லை. அன்புச்செல்வி அடுப்படி வாசலில் வந்து நின்று, “இது நீங்களா சித்தப்பா?” என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பாட்டு முடிந்தது. “சுருதி ஏறிக் கீது” என்றார் மாசிலாமணி.

“விசிலாண்ணா?”

“இல்ல. நான்தான்.” பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: “எண்பத்தாறுன்னே சொல்லியிருக்கலாம் நீ.”

ஐந்து மணிக்குப் பஸ். விழுப்புரத்தில் மாறி ஏற வேண்டும். அன்புச்செல்வி ஒரு டப்பாவில் கேப்பை அடை வைத்துக் கொடுத்து, டப்பாவைத் திருப்பித் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பாண்டியில் வேலை முடித்து வருகிறவர், உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். அவர் தலை இவர் தோளில் வந்து சாய்ந்தது. சவுரிராயன் விழுப்புரம் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.