தாமு அண்ணனின் சாயங்கால போன்

தாமு அண்ணன் போய்விட்டார்.

இன்று மத்தியானம்... சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று அவர் மகன் போனில் சொன்னான். எனக்குச் சட்டென்று அழுகைகூட வரவில்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமழிசையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாரி கம்பெனி இருந்தது. தாத்தா ஆரம்பித்து அப்பா நடத்தியது. அதில் தாமு அண்ணன் டிரைவர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

பயங்கரக் கோபக்காரர். அவர் கேபினில் யாராவது செருப்போடு காலை வைத்தால் தொலைந்தார்கள். ஒரு தடவை செக்போஸ்ட்டில் வண்டிக்குள் பார்க்க வந்த ஆபீசரிடமே, "ஷூவ கயட்டி உட்டுட்டு ஏறு சார், உள்ள சாமி படம் கீது" என்றிருக்கிறார். வண்டி அரை நாள் அங்கேயே நின்றது. அப்பா திட்டிய திட்டு எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

என் கல்யாணச் சீர் அம்பத்தூருக்கு அவர் வண்டியில்தான் போனது. கட்டில், பீரோ எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், மாமியார் வீட்டுச் சந்தில் ரிவர்ஸ் எடுத்து, சன்ஷேடை இடித்துத் தள்ளிவிட்டார். பின்னால் நின்று "வா, வா, வா" என்று கை காட்டியது என் மாமனார். இறங்கி வந்து அவரிடமே கேட்டாரே ஒரு கேள்வி... "இன்னா சார் இது, ஊட்ட ரோட்டு வரிக்கும் நீட்டி வச்சிகீறீங்க?"

அந்த சன்ஷேடுக்காக வருஷக்கணக்கில் அவரைக் கரித்துக்கொட்டிய என் மாமியார் இன்று போனில் தேம்பித் தேம்பி அழுதார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு டிரைவரும் சாயங்காலம் போன் செய்து, எங்கே இருக்கிறேன், வண்டி எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கடைசி டிரைவர் பேசும்வரை அப்பா சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

பிறகு அப்பாவுக்கு மறதி நோய் வந்தது. நானும் தம்பியும் ஐடியில் இருந்தோம், எங்களுக்கு லாரித் தொழில் தெரியாது. வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றோம். தாமு அண்ணனும் சேக்காட்டில் வீட்டோடு இருந்துவிட்டார்.

வண்டிகளை விற்றதை அப்பா மறந்துவிட்டார். போனுக்குக் காத்திருப்பதை மட்டும் மறக்கவில்லை.

தட்டைக் கொண்டுவந்து வைத்தால் தள்ளிவிடுவார். "தாமு எங்க கீறான்? இன்னும் பேசலியே?" கெஞ்சினோம், அதட்டினோம், என்னென்னவோ பொய் சொன்னோம். ஒரு வாய் இறங்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்... பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் தாமு அண்ணனிடம் சொல்லி அழுதேன். "இவ்ளோதானா பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"மொதலாளி, தாமு பேசுறேன். கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். வண்டி நல்லா கீது. நீங்க சாப்டுங்க."

அப்பா சாப்பிட்டார்.

அதிலிருந்து தினமும். சேக்காட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடியே சேலம், பெல்லாரி, விஜயவாடா என்று ஓட்டினார். ஒரு நாள் சுவாரசியம் கூடிப்போய், "டயர் பஞ்சர் மொதலாளி" என்றுவிட்டார். அவ்வளவுதான், அப்பா தட்டை நகர்த்திவிட்டார்.

நான் அடுத்த ரூமுக்கு ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, சீக்கிரம் ஸ்டெப்னி மாட்டித் தொலைங்க" என்றேன். "கொஞ்சம் பொறு பாப்பா, ஒடனே மாட்டிட்டேன்னா மொதலாளி நம்ப மாட்டாரு" என்றார். அந்த மனுஷனை நினைத்துச் சிரிப்பதா அழுவதா...

இன்று சாயங்காலமும் அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் அவர மாதிரி பேசிப் பாக்கட்டுமா அக்கா?" என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, தாமு அண்ணன் இறந்துட்டாருப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா மடியிலிருந்த போனை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறம், "எந்த ஊர்ல?" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து நின்றார்.

"சட்டை எடும்மா. நான் போவணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியூரில் ஒரு டிரைவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பா ஆள் அனுப்பமாட்டார். எவ்வளவு தூரமானாலும் தானே போய், கூட்டிக்கொண்டு வந்து, வீட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அப்பா வாசல்படி தாண்டியே எத்தனையோ மாதம் ஆகிறது. சட்டை போட்டுவிட்டோம், தம்பி கார் எடுத்தான். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து சேக்காடு வரை அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தாமு அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்பா தலைமாட்டில் நின்று கண்ணாடியைத் தடவிக்கொடுத்தார். பிறகு தாமு அண்ணன் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஊட்டுக்காரர இட்டாந்துட்டேம்மா. வழியில ஒரு கொறையும் இல்ல."

அண்ணி அதுவரை அழவே இல்லையாம். எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தெரியும் மொதலாளி... நீங்க இட்டாந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

நாளை காலை எடுக்கிறார்கள். எங்கள் பழைய டிரைவர்கள், கிளீனர்கள் யாராவது இதைப் பார்த்தால் சேக்காட்டுக்கு வந்துவிடுங்கள்.

மனசு தாங்கவில்லை தாமு அண்ணே... கும்பிட்டுக்கொள்கிறேன்.