வட்டமிட்ட சனிக்கிழமைகள்

கலாவதி எதையும் மறப்பவள் அல்ல. மறக்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்குக் கிடையாது. 2009 முதல் மூன்று வருடம் பிரெஞ்சு நகரமான ஸ்தேனில் ரேமண்டின் உலர்சலவைக் கடையில் மாடாய் உழைத்தாள். சனிக்கிழமை தோறும் இயந்திரக் கழிவைப் பிளாஸ்டிக் கானில் சுமந்துபோய்ப் பின்வளவுக் குழியில் ஊற்றுவதும் அவள் தலையில்தான் விழுந்தது. அந்த நாற்றத்தோடு லா சப்பல் பிள்ளையார் கோயிலுக்குப் போக முடியுமா? போகமுடியாத சனிகளையெல்லாம், பலசரக்குக் கடையில் வருடாவருடம் இலவசமாகக் கொடுத்த கலண்டரில் ஆத்திரத்தோடு வட்டமிட்டு வைத்தாள்.

விசா புதுப்பிக்க வேலைச் சான்றிதழ் கேட்டபோது, புதுச்சேரிக்காரரான ரேமண்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ இங்க வேலையே செய்யலம்மா. உன் பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல."

அலைந்து திரிந்து எப்படியோ விசா எடுத்தாள். பிறகு நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் வேலை கிடைத்தது. கிணற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரசாயனங்களைத் தொட்டியிலுள்ள கரி பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிறைந்ததும் மாற்றுவது அவள் பொறுப்பு. 2017இல் ஒரு கிணற்றின் கரி, ஒன்றரை வருடம் தாங்க வேண்டியது, ஐந்தே மாதத்தில் கைவிரித்தது. பொறியியலாளர் மர்கரீத் ஆய்வுத்தாளைக் காட்டினாள்: பெர்குளோரெத்திலேன். எங்கிருந்து வருகிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

கலாவதிக்குத் தெரிந்தது. ரேமண்டின் கான்களில் மூன்று வருடம் எழுத்துக்கூட்டிப் படித்த பெயர் அது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. தண்ணீர் குடிக்கும் சனத்துக்காக என்று யாரும் பூசி மெழுக வேண்டாம். அவள் நினைத்தது ரேமண்டை மட்டும்தான்.

கணவன் மகாலிங்கம் தடுத்தான். அவளுடைய பிரெஞ்சுக் குடியுரிமை (நசனாலித்தே) விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது.

"விசர் வேலை பாக்காதை. ஊத்தினது நீ. நசனாலித்தே போச்செண்டால்?"

"போகட்டும். அவன் தப்பக்கூடாது."

மூன்று கலண்டர்களையும் கொண்டுபோய் மர்கரீத்தின் மேசையில் வைத்து, குழியில் ஊற்றிய கதையைச் சொன்னாள். பொலிஸ் விசாரணைக்கு அவளையும் ரேமண்டையும் ஒன்றாக அழைத்தார்கள். ஊற்றியது தான்தான், ஊற்றச் சொன்னது இவர் என்று கலாவதி சொல்ல, ரேமண்ட் பதறிப்போய் இடையில் புகுந்தார். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் படபடவென்று கொட்டினார்: தனக்கு எதுவும் தெரியாது, மூன்று வருடமாகத் தன்னிடம் வேலை செய்த இந்தக் கலாவதிதான் எல்லாம் செய்தாள். அதிகாரி அதை அப்படியே தட்டெழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்.

தன் குடியுரிமை என்னவாகும் என்று அந்த நேரத்தில் கலாவதி யோசிக்கவே இல்லை. அவள் அதிகாரியிடம் கேட்டது ஒன்றுதான்: தன் பெயர் இருக்கும், ரேமண்ட் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் ஒரு பிரதி.